லைசென்ஸ் இருந்த கள்ளுக்கடையும் பெயரில்லாத பையனும்

கள்ளுக்கடைக்கு லைசென்ஸ் இருந்தது. அதை மூடச் சொல்லி வாசலில் நின்றவர்களிடம் எந்த அனுமதியும் இல்லை. 1947-இல் எங்கள் பீடோங்கில் நடந்ததைச் சட்டத்தின் பக்கமிருந்து சொன்னால் இவ்வளவுதான்.

பீடோங் தெரியாதவர்களுக்கு: மலேசியாவின் கெடா மாநிலத்தில், சுங்கை பட்டாணியிலிருந்து குரூண் போகும் பழைய சாலையில் இருக்கிற சின்னப் பட்டணம். சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பர் பால்மரம், இப்போது பெரும்பாலும் செம்பனை. தோட்டத்தில் சம்பளம் போட்டால் பட்டணத்துக் கடைகளில் கூட்டம் சேரும். தோட்டம் மூடினால் கடைகளும் ஒவ்வொன்றாக மூடும். அப்படி வளர்ந்து, அப்படியே இளைத்த ஊர்.

ஜப்பான்காரன் போன பிறகு இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் தொண்டர் படை என்று ஒன்று எழுந்தது. இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பைக் கண்ணால் பார்த்த தலைமுறை அது. பையன்கள் வரிசையாக நின்று பயிற்சி எடுத்தார்கள். முன்னால் நின்றவர் ஏ. எம். சாமி, ஹார்வர்ட் தோட்டத்து லாரி டிரைவர். அவர்கள் கையில் எடுத்த முதல் காரியம் கள்ளை ஒழிப்பது. அரசாங்க உரிமத்தோடு தோட்டத்துக்குள்ளேயே கள் விற்கப்பட்டது. அதில் வரும் லாபத்தைத் தொழிலாளர் நலனுக்குச் செலவழிக்க வேண்டும் என்று விதிகூட இருந்தது. கொடுத்த கூலி சாயங்காலமே கள்ளுக்கடை வழியாகத் திரும்பிப் போகும், அதிலிருந்து கொஞ்சம் கிள்ளி நமக்கே நலத்திட்டம் என்று வரும். இத்தனையும் சட்டப்படி.

கள்ளுக்கடையை மூடு என்பது அன்று புதிதாக முளைத்த கோரிக்கை இல்லை. 1941-இல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தபோதே கேட்டதுதான். அந்தப் பட்டியலில் இன்னொன்றும் இருந்தது: துரையோ தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணியாரோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். சைக்கிளில் உட்கார்ந்தபடியே கடந்துபோகிற உரிமைக்காக ஒரு கோரிக்கை! அதற்குக் கிடைத்த பதில் அவசரகாலப் பிரகடனம், பட்டாளம், துப்பாக்கிச் சூடு. ஐந்து பேர் செத்தார்கள். தலைமை தாங்கிய ஆர். எச். நாதன் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார்.

பீடோங்குக்கு வருவோம். 1947 பிப்ரவரிக் கடைசியில் கள்ளுக்கடை முன்னால் கூட்டம் கூடியது. போலீஸ் வந்தது, கைகலப்பு ஆனது, ஒரு தொழிலாளி உயிரிழந்தார். சில நாள் கழித்து ஹார்வர்ட் தோட்டத்துக்குள்ளேயே போலீஸ் இறங்கியது. பலர் கைதாகிச் சிறைக்குப் போனார்கள். நீதிமன்றப் பதிவேட்டில் அவர்கள் குற்றவாளிகள். கள் ஊற்றிக் கொடுத்தவனின் பெயர் எந்தக் குற்றப் பதிவிலும் ஏறவில்லை.

இதை நான் சொல்லும்போதெல்லாம் என் அக்கா மகன் குறுக்கே பேசுவான். சுங்கை பட்டாணியில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை. புத்திசாலி, நியாயமானவன், அதனால்தான் அவன் பேச்சை என்னால் தள்ளிவிட முடிவதில்லை. "மாமா, ஆளாளுக்கு இது நல்ல சட்டம், இது கெட்ட சட்டம்னு பிரிச்சுக்கிட்டா கடைசியில யாரு தப்பிப்பான்? காசு உள்ளவன்தான் தப்பிப்பான். நம்ம ஆளுங்களுக்குச் சட்டத்த விட்டா வேற என்ன இருக்கு?"

உண்மைதான். அவன் தினமும் பார்ப்பது அதைத்தான். சம்பளத்தில் இபிஎப் என்ற ஊழியர் சேமநிதிக்குப் பிடித்துக்கொண்டு வாரியத்துக்குக் கட்டாமல் விட்ட குத்தகைக்காரர், சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதியில் பெயரே பதியாமல் ஆளை மரத்தடிக்கு அனுப்புகிறவர். செம்பனைக் குலை விழுந்து தோள் நொறுங்கிய ஆளுக்கு, தான் எந்தப் பதிவேட்டிலும் இல்லை என்பது ஆஸ்பத்திரியில்தான் தெரியவருகிறது. ஊழியர் சேமநிதி 1951-இல் வந்தது. குறைந்தபட்சச் சம்பளம் 2013-இல்தான் வந்தது, தீபகற்ப மலேசியாவில் 900 வெள்ளி (ரிங்கிட்). எத்தனை வருடத்துக் கூச்சல் அதற்குப் பின்னால்! இந்தச் சட்டங்களை ஒரு முதலாளி மீறினால் அதற்கு நான் வேறு பெயர் தேடமாட்டேன், அது திருட்டு. ஆகவே சட்டத்தைத் துச்சமாகப் பேசுகிற கூட்டத்தில் நான் இல்லை. லைசென்ஸும் இல்லாமல், தலைக்கவசமும் இல்லாமல் செம்மண் சாலையில் மோட்டார் ஓட்டுகிற பதினான்கு வயதுப் பையனைப் பார்த்து, "நம்ம தோட்டந்தானே, யார் கேட்பா" என்று சிரிக்கிற அப்பன்மார்மேல் எனக்கு வருவது கோபம்தான். அந்தச் சாலையில் போன உயிர்கள் எனக்குத் தெரியும்.

ஆனால் மருமகன் சொல்வதில் ஒரு தாவல் இருக்கிறது. ஏழைக்குச் சட்டம் தேவை என்பதிலிருந்து, ஏழை எந்தச் சட்டத்தையும் மீறக் கூடாது என்ற இடத்துக்கு அவன் ஒரே எட்டில் போய்விடுகிறான். இடையில் இருக்கிற பள்ளத்தில்தான் பீடோங் தொழிலாளர்கள் நின்றார்கள்.

சம்சு என்கிற மலிவுச் சாராயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கள்ளுக்கடை ஒழிந்த பிறகு தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில், லயத்துக்கு லயம் புகுந்தது சம்சு. பல இடங்களில் லைசென்ஸ் கிடையாது, லேபிள் கிடையாது, தகர வேலிக்குப் பின்னால் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுப்பார்கள். இதே கலப்படச் சாராயத்தில் மெத்தனால் இருந்துவிட்டால் அது உடம்புக்குள் போய் பார்மிக் அமிலமாக மாறும், முதலில் கண்ணைப் பறிக்கும், அப்புறம் உயிரை. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் அப்படிப் பல உயிர்கள் போயின, அதில் நிறையப் பேர் பிழைக்க வந்த வெளிநாட்டுத் தொழிலாளிகள். அன்று கள் விற்றது சட்டப்படி, பின்னால் கள்ளச் சாராயம் விற்றது சட்டத்துக்கு எதிராக. வீட்டுக்குள் நடந்தது ரெண்டிலும் ஒன்றுதான்: அரிசிக்கு வைத்த காசு போனது, பெண்டாட்டி அடி வாங்கினாள், பிள்ளை பசியாறாமல் பள்ளிக்கூடம் வந்தது. சட்டம் எந்தப் பக்கம் நின்றது என்பதை மட்டும் வைத்து நியாயத்தை அளந்தால், 1947-இல் கள் விற்றவர் நல்லவர், மறித்தவர் கெட்டவர். அப்படி ஒரு அளவுகோலை என்னால் கையில் பிடிக்கவே முடியவில்லை.

நான் வேறு ஒன்றைப் பார்க்கிறேன். மீறியதால் வருகிற சுமை யார் தலையில் இறங்குகிறது? இபிஎப் கட்டாத குத்தகைக்காரரின் மீறல் தன்னைவிட எளியவனின் முதுமையில் இறங்குகிறது. சம்சுக்காரனின் மீறல் அடுத்த வீட்டுப் பெண்ணின் முதுகில். தொண்டர் படைக்காரர்கள் அடியையும் சிறையையும் தங்கள் உடம்பில் வாங்கிக்கொண்டார்கள்.

எனக்கு இது புத்தகத்திலிருந்து வந்ததில்லை. 1990-களின் தொடக்கத்தில் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் தற்காலிக ஆசிரியராக இருந்தேன். ஒன்றாம் வகுப்பில், பதிவேட்டில் பெயரில்லாத ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். காலையில் நான் பெயர் கூப்பிடும்போது தன் பெயர் வராது என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் கடைசிப் பெயர் வரைக்கும் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான்.

அவன் அப்பாவிடம் நீல ஐசி, அதாவது குடிமக்களுக்கான அடையாள அட்டை, இருந்தது. அம்மாவிடம் எதுவுமே இல்லை. பக்கத்துத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர், பிறப்பை யாரும் பதியவில்லை. ரெண்டு பேருக்கும் மாரியம்மன் கோயிலில், தோட்டமே கூடி நிற்க, தாலி கட்டிக் கல்யாணம் நடந்தது. ஆனால் 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணமுறிவுச் சட்டம் 1982 மார்ச்சிலிருந்து நடப்புக்கு வந்திருந்தது. கல்யாணத்தைப் பதிந்தாக வேண்டும். பதிவதற்கு ஐசி வேண்டும். அம்மாவுக்கு ஐசி இல்லை, ஆகவே பதிவு இல்லை. பதிவு இல்லையென்றால் பிள்ளை முறைப்படியான திருமணத்தில் பிறந்ததாகாது. அப்படிப் பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமை பார்க்கும்போது அப்பாவைக் கணக்கில் எடுப்பதில்லை, தாயின் நிலைதான் பிள்ளைக்கும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை. தாய்க்குப் பத்திரம் இல்லாததால் பிள்ளைக்கும் இல்லை. இந்த வட்டத்தில் யார் என்ன தவறு செய்தார்கள் என்று எத்தனை முறை யோசித்தாலும் எனக்குக் கிடைப்பது, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி தன் பேறுகாலத்தைப் பதியாமல் விட்டது மட்டும்தான்.

தலைமையாசிரியர் அந்தப் பையனைச் சேர்க்கவில்லை. உட்கார வைத்தார், அவ்வளவுதான். பெயர் இல்லை, பாடநூல் இரவல் திட்டத்தில் பங்கு இல்லை, பழைய புத்தகங்களை நாங்கள் பொறுக்கிக் கொடுத்தோம். மேலதிகாரிகள் பார்வையிட வருகிற நாளில் பையன் ஆயா வீட்டுக்குப் போய்விடுவான். இது விதிமீறல் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஓய்வூதியத்துக்குக் கொஞ்ச வருடம்தான் மீதி இருந்தது. ஒரு நாள் துணிந்து கேட்டேன், "ஐயா, மாட்டிக்கிட்டா?" அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மாட்டுனா நான்தான் மாட்டுவேன். நீங்க தற்காலிகம், ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எழுதிக் கொடுத்துருவேன். போய் வாய்ப்பாடு நடத்துங்க."

பின்னால் அந்த அப்பா சிறப்பு விண்ணப்பம் போட்டு, பதிவிலாகாவுக்கு நடையாய் நடந்தார். பையன் பதினெட்டை நெருங்கும்போதுதான் ஐசி கைக்கு வந்தது. அதுவரை அவன் சும்மா இருந்திருந்தால் ஐசியில் இருக்கிற சொந்தப் பெயரை வாசிக்கவே அவனுக்குத் தெரிந்திருக்காது.

அந்தத் தலைமையாசிரியரின் அறையில் தில்லையாடி வள்ளியம்மையின் படம் ஒன்று மாட்டியிருந்தது. பள்ளி அலமாரியில் கிடந்த ஏதோ பழைய காலண்டரில் வெட்டியது. நான் அப்போது பெரிதாகக் கவனிக்கவில்லை. பின்னால்தான் ரெண்டையும் சேர்த்துப் பார்த்தேன். 1913-இல் தென்னாப்பிரிக்காவில் நீதிபதி சியர்ல் ஒரு தீர்ப்புச் சொன்னார். கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, முறையாகப் பதியாத இந்தியர் திருமணங்களின் சட்டத் தகுதி அதோடு கேள்விக்குள்ளானது. தாலி கட்டிய பெண்கள் ஒரே நாளில் மனைவி என்ற இடத்தை இழந்து நின்றார்கள். அதை எதிர்த்துப் பெண்கள் அனுமதிச் சீட்டு இல்லாமல் மாநில எல்லையைத் தாண்டினார்கள், வேண்டுமென்றே. அவர்களில் ஒருத்தி வள்ளியம்மை. மூன்று மாதக் கடுங்காவல். சிறையில் காய்ச்சல் கண்டது. முன்கூட்டியே விடுகிறோம் என்றதற்கு மறுத்தாள். வெளியே வந்து 1914 பிப்ரவரி 22-இல் இறந்தாள், வயது 16. எல்லை தாண்டியது குற்றமா என்று கேட்டால், ஆம், குற்றம். அந்தப் பிள்ளை தவறு செய்தாள் என்று சொல்ல எனக்கு நா எழாது.

இங்கே என் மருமகன் வேறொரு கேள்வி போடுவான், அது நல்ல கேள்வி. வள்ளியம்மை பகிரங்கமாக மீறினாள், தண்டனையை ஏற்றாள், மறுக்கவில்லை. உங்கள் தலைமையாசிரியர் ஒளித்து வைத்தார். ஒளிக்கிறவனுக்கும் திருடனுக்கும் என்ன வித்தியாசம்? சட்டமறுப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இவன் பக்கம்தான் நிற்பார்கள். வெளிப்படையாக மீறு, தண்டனையை வாங்கிக்கொள், அப்போதுதான் அது நேர்மை என்பார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு சட்டத்தை மாற்ற வேண்டும் என்று மீறுகிறவன் தெருவில் நின்றுதான் மீற வேண்டும், ஊருக்குத் தெரியாமல் மீறினால் சட்டம் மாறாது. ஒரு பிள்ளையைக் காப்பாற்ற மீறுகிறவனுக்கு அந்த விதி பொருந்தாது. தலைமையாசிரியர் பகிரங்கமாக அறிவித்திருந்தால் அவருக்குப் பெயர் கிடைத்திருக்கும். மறுநாளே பையன் வெளியே போயிருப்பான், விலை கொடுத்தது ஏழு வயதுக் குழந்தையாக இருந்திருக்கும். அவர் மறைத்தது தன்னை இல்லை. மாட்டினால் தான்தான் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டார்.

பகிரங்கமாக மீறியதற்கும் நம் கண் முன்னாலேயே உதாரணம் இருக்கிறது. 2007 நவம்பர் 25, மலேசிய இந்தியர் உரிமைக்காக எழுந்த இண்ட்ராப் அமைப்பின் பேரணி. போலீஸ் அனுமதி மறுத்தது, நீதிமன்றத் தடையாணையும் இருந்தது. அன்றைய போலீஸ் சட்டப்படி அனுமதியில்லாமல் கூடுவதே குற்றம். இருந்தும் கோலாலம்பூரில் ஆயிரக்கணக்கில் கூடினார்கள். வழியெல்லாம் சாலைத் தடுப்புகள், அங்கே போனால் கண்ணீர்ப் புகை, தண்ணீர்ப் பீரங்கி. டிசம்பரில் ஐந்து தலைவர்கள் விசாரணையே இல்லாமல், இசா என்ற உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் அடைக்கப்பட்டார்கள். 2012-இல் இசா போயிற்று. அதே ஆண்டு அமைதிப் பேரணிச் சட்டம் வந்து, போலீஸிடம் அனுமதி வாங்குவது போய், முன்கூட்டி அறிவிப்புக் கொடுத்தால் போதும் என்றானது. ஐந்தே வருடத்தில் குற்றத்தின் வரையறை நகர்ந்துவிட்டது. அன்று தெருவில் நின்றவர்களின் மனச்சாட்சி அப்படியேதான் இருந்தது. ஆனால் அதே நாள் விடியலில் பத்துமலையில் ஒரு போலீஸ்காரரின் தலையில் கல் விழுந்ததே, அதை நான் இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். அவரும் ஒரு வீட்டுப் பிள்ளை, அவர் அந்தச் சட்டத்தை எழுதவில்லை.

இதே காரணத்துக்காகத் தொண்டர் படையிலும் எனக்குத் தொண்டையில் நிற்கிற ஒன்று உண்டு. கள்ளுக்கடை வாசலில் நின்றதோடு அவர்கள் நிற்கவில்லை. குடித்தவர்களைத் தாங்களே பிடித்துத் தண்டித்தார்கள். நாள் முழுக்கப் பால்மரம் சீவிவிட்டு ஒரு மொந்தை கள்ளுக்கு ஒதுங்கினவனைச் சக தொழிலாளிகளே இழுத்து வந்து அவமானப்படுத்துவது. அந்த இடத்தில் சுமை இன்னொரு ஏழை மேல் இறங்கிவிட்டது. சிறைக்குப் போனவர்களின் தியாகம் இதைக் கழுவிவிடாது. ரெண்டும் ஒரே ஆட்கள் செய்தவை. நினைவுகூரும் கூட்டங்களில் ஒன்றை மட்டும் பேசுகிறோம், அது எனக்குப் பிடிக்கவில்லை.

இவ்வளவும் இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், கோயில் மண்டபத்தில் சாயங்கால டியூஷன் நடக்கிறது, நான் கணக்கு எடுக்கிறேன். பக்கத்துத் தோட்டத்தில் இப்போது நம்மாட்கள் ரொம்பக் குறைவு. குலை வெட்டுகிறவர்கள், உதிரிப் பழம் பொறுக்குகிறவர்கள் பெரும்பாலும் இந்தோனேசியர், வங்காளதேசத்தவர். அவர்களில் ஒரு குடும்பத்துக்கு ஒன்பது வயதில் ஒரு பெண் இருக்கிறாள். இங்கேயே பிறந்தவள், பத்திரம் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. டியூஷன் நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே நின்று, நான் கேட்கிற பெருக்கலுக்கு உள்ளே இருக்கிற பிள்ளைகளுக்கு முன்னால் மலாயில் பதில் சொல்வாள். உள்ளே கூப்பிட்டு உட்கார வைக்கலாம் என்று நிர்வாகக் குழுவில் சொன்னேன்.

செயலாளர் தயங்கினார். பத்திரமில்லாதவர்களை இடத்துக்குள் விடுவதே குடிநுழைவுச் சட்டத்தில் குற்றமாகலாம், கோயிலுக்குப் பிரச்சினை வரும் என்றார். அந்தப் பயம் பொய்யில்லை, 1959/63 சட்டத்தில் அப்படிப் பிரிவுகள் இருக்கின்றன, மருமகனும் அதையே சொன்னான். பயப்படுகிறவரோடு எனக்குச் சண்டையில்லை. என்னைச் சுட்டது இன்னொருவர் சொன்னது. "சட்டவிரோதமா வந்தவங்க பிள்ளைக்கு நாம ஏன் பாக்கணும்?" அவருடைய சொந்தச் சின்னம்மா ஐசி இல்லாமலே செத்தவர். அடக்கம் செய்யப் பத்திரத்துக்கு அலைந்த நாளில் நானும் கூட இருந்தேன். ஒரு தலைமுறைக்குள் இவ்வளவு சுலபமாகவா மறந்துபோகும்?

மருமகனிடம் ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். கோயில் பெயரில் இல்லாமல், நடந்தால் பொறுப்பு என் ஒருவன் மேல் மட்டும் விழுகிற மாதிரி, என் வீட்டு முன் கூடத்தில் வகுப்பு வைத்தால் சட்டப்படி எனக்கு என்னென்ன வரும் என்று எழுதித் தரச் சொன்னேன். முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் ஒத்துக்கொண்டான். "மாமா, எழுதித் தர்றேன். செய்யுங்கன்னு சொல்லமாட்டேன்." அது போதும். குழுக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. மண்டபத்திலேயே உட்கார வைப்போம் என்றுதான் முதலில் பேசப்போகிறேன். மறுத்தால் திங்கட்கிழமையிலிருந்து வகுப்பு என் வீட்டில்.